சன்னாசி நிமிர்ந்து நடந்து வந்த காலை

ரேடியோகிராபி பழக வந்திருக்கும் பிள்ளைகளே, எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்திருக்கும் இயந்திரங்களில் எந்தப் பொத்தான் எதற்கு என்றுகூட எனக்குத் தெரியாது. போன மாதம் முழங்கால் வலிக்குப் படம் எடுக்கப் போனேன். உங்கள் வயதுப் பிள்ளை ஒன்று, "பயப்படாதீங்க அங்கிள், சத்தம் மட்டும்தான்" என்றது. முப்பது வருடமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லி வந்த அதே வசனம். கேட்டதும் பயந்துவிட்டேன்.

ஆகவே இயந்திரத்தை விடுங்கள். ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் சன்னாசி. அவர் விஷயத்தில் நான் வாயால் பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்த சந்தர்ப்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்று என் வீட்டில் சொல்வார்கள். அதில் ஒன்றைத்தான் இப்படிப் பாழாக்கினேன்.

பதுளை டவுனில் அப்போது ஒரு சின்னத் தனியார் ஸ்கேன் நிலையம் இருந்தது. இன்று அந்த இடத்தில் டயர் விற்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒரு நரம்பியல் டொக்டரம்மா மாதத்தில் ஒரு நாள் அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஓர் ஆய்வு நடத்தினார். ஊவாப் பக்கத்து பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வு. நான் அங்கே ரேடியோகிராபர்.

அந்த ஆய்வை நோயாளிகளுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன். நாம் சும்மா படுத்திருக்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை. அதன் பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பு வைத்துக்கொண்டே இருக்கும். எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதைப் படத்தில் கணிக்கலாம். பெரகலையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் வாகனமெல்லாம் என்ன செய்யும்? வெலிமடைப் பக்கம் திரும்பி அந்தச் சின்னப் பாதையில் போய் நெரியும். சில வாகனம் வந்தே சேராது. இந்த நோயிலும் அப்படித்தான். மூளையின் அடியில் இருக்கும் சில முடிச்சுகளிலிருந்து, கைகாலை அசைக்கச் சொல்லும் மேல்பகுதிக்குப் போகும் பாதை குழம்பிவிடுகிறது. மாத்திரை போட்டால் சில மணித்தியாலத்துக்கு மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்துவிட்ட மாதிரி. பிறகு மறுபடி சரியும்.

அதனால் ஒவ்வொருவரையும் ஒரே காலையில் இரண்டு தடவை படம் எடுப்போம். முதல் படம், முந்தின நாள் பின்னேரத்திலிருந்து மாத்திரை எதுவும் போடாமல். அடுத்தது, எங்கள் முன்னாலேயே மாத்திரை விழுங்கி ஒரு மணித்தியாலம் கழித்து. பாதை அடைபட்டபோது ஒன்று, திறந்தபோது ஒன்று.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆட்களும் வேண்டும் என்றார் டொக்டரம்மா. நான் முன்வந்தேன். கண்ணைத் திறந்து அசையாமல் கிடக்க வேண்டும், தூங்கவே கூடாது என்பது விதி. அந்த விதியை எல்லோருக்கும் ஓதுகிறவன் நான். மூன்றாவது நிமிடத்தில் குறட்டை விட்டேன். என் படத்தைத் தூக்கி எறிந்தார்கள். "மூளை இருக்கிறது என்பதாவது உறுதியானதா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

சன்னாசிக்கு ஐம்பத்துநாலு வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் கிளைகளை வளைந்த கத்தியால் ஒரே வீச்சில் சாய்க்கும் வேலை. வலது கை நடுங்கத் தொடங்கியதும் கத்தியைத் தானாகவே வைத்துவிட்டு, புல்லு வெட்டப் போகிறேன் என்று கங்காணியிடம் கேட்டு வாங்கியிருந்தார். முதுகு வலி என்று காரணம் சொல்லியிருந்தார். நோயின் பெயர் அவருக்கும் அவர் மனைவி அஞ்சலைக்கும் மட்டும்தான் தெரியும். அஞ்சலைக்கு ஆஸ்துமா. தோட்டத்து வேலைப் பதிவில் அஞ்சலையின் பேர் எப்போதோ வெட்டப்பட்டாயிற்று. ஒரே மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில். ஆக, அந்தக் குடும்பத்தில் தோட்டத்தில் பதிவில் இருந்தது சன்னாசியின் பேர் மட்டும். அதுவும் போனால் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர்கள் இருக்கும் ஒற்றை அறைக் காம்பிராவில் எந்த உரிமையில் இருப்பது? அந்தப் பயம்தான் அவர்களுக்கு. ஆய்வுக்கு ஆள் சேர்க்க நான் கிளினிக்குக்குப் போனபோது, வரிசையில் இருந்த சன்னாசி இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

சன்னாசி வர வேண்டிய நாளில் படம் எடுக்க மூன்று பேருக்கு முறை கொடுத்திருந்தேன். முதலாமவர் இயந்திரத்தின் குழாயைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார். இரண்டாமவர் நடுக்கத்தில் படத்தைக் கலைத்துவிட்டார். டொக்டரம்மா பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். மத்தியானத்தோடு அவர் திரும்ப வேண்டும். அடுத்த நாள் கிடைக்க ஒரு மாதம் ஆகும்.

அப்போது சன்னாசி வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய எண்ணெய்த் தலை. படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். கவுண்டர் முன்னால் குதிகால் இரண்டையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"வந்துட்டேங்க நானா."

நான் முஸ்லிம் என்பதால் தோட்டத்து ஆட்களுக்கு எப்போதும் நானாதான். வாப்பாவின் துணிக்கடையில் எனக்கு ஒட்டிய பட்டம் அது.

"என்ன அண்ணே, என்னையவிட நல்லா நடக்குறீங்க! உங்களை வெளிய உக்கார வச்சிட்டு நான்தான் உள்ள போய் படுக்கணும் போல."

அவர் சிரிக்கவில்லை. அந்த நோய் முகத்தை இறுக்கிவிடும். ஆனால் நான் கண்டேன். கதிரையில் உட்கார்ந்ததும் அவருடைய முழங்கால் மெல்ல நெளிந்தது. தோளும் சேர்ந்து ஆடியது. இந்த நோயாளிகளோடு பழகியவனுக்கு அந்த நெளிவு தெரியும். நடுக்கம் வேறு, இது வேறு. மாத்திரை உச்சத்தில் வேலை செய்யும்போது வருவது. மாத்திரை போடாதவருக்கு அந்தக் காலையில் அது வரக்கூடாது.

"அண்ணே, நேத்து பின்னேரத்துக்குப் பொறகு மாத்திரை போடலையே?"

"இல்லைங்க நானா. நீங்க சொன்ன மாதிரிதான்."

நான் அஞ்சலையைப் பார்த்தேன். மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியில் எத்தனை மீன் இருக்கிறது என்று அவர் அப்போதுதான் எண்ண ஆரம்பித்தார்.

கதவுக்கு அந்தப் பக்கம் டொக்டரம்மா. சுவரில் மணி ஒன்பது. என் கையில் படிவம். அதில் 'மாத்திரை எடுக்கவில்லை' என்ற இடத்தில் ஒரு சரி போட வேண்டும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், திருப்பி அனுப்புவதா? டொக்டரம்மாவும் பாவம், ஒரு படமாவது தேறட்டும். இப்படி ஊரில் உள்ள எல்லோருக்கும் இரக்கப்பட்டுக்கொண்டே சரி போட்டேன்.

டொக்டரம்மா அவரை விரல் தட்டச் சொன்னார், எழுந்து நடக்கச் சொன்னார். எல்லாம் செய்தார். "மாத்திரை இல்லாமலே இவ்வளவு நன்றாக இருக்கிறாரே" என்றார். அவர் பேசியது சிங்களத்தில், நான் தமிழில் தருகிறேன். முதல் படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஓர் அசைவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு விதிப்படி டொக்டரம்மா தன் கையாலேயே அவருக்கு மாத்திரை கொடுத்தார். விடியற்காலையில் போட்டதன் மேல் இன்னொன்று. ஒரு மணித்தியாலம் கழிய, சன்னாசியின் கையும் கழுத்தும் இடுப்பும் அவர் பேச்சைக் கேட்காமல் சுழலத் தொடங்கின. படுக்கையில் பிடித்து வைக்க முடியவில்லை. அஞ்சலை கதவருகே நின்று, "போதுங்க, போதுங்க, விட்டுருங்க" என்றார். இரண்டாம் படத்தைப் பாதியில் நிறுத்தினோம்.

டொக்டரம்மா கெட்டிக்காரர். தன் முன்னால் இருந்ததை வைத்துச் சரியாகத்தான் யோசித்தார். மாத்திரை இல்லாமல் நன்றாக இருக்கிறார், மாத்திரை போட்டால் உடம்பு கட்டுமீறுகிறது. அப்படியானால் மாத்திரை கூடிப்போயிற்று. கிளினிக் கொப்பியை வாங்கி, ஒவ்வொரு வேளையும் பாதி என்று எழுதினார்.

பேனா ஓடிய அந்த நேரத்தில் நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறந்தேன். "டொக்டர்..." என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் வேன் வந்துவிட்டது" என்றேன்.

மூன்று கிழமை கழித்து அஞ்சலை தனியாக வந்தார். மழையில் நனைந்து, மூச்சு இழுத்துக்கொண்டு, நிலையத்தின் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"நானா, அவருக்குப் படுக்கையில பொரளக்கூட ஏலலை. நான்தான் பொரட்டி விடுறேன். போன கெழமை பெரட்டுல..." அவருக்கு மூச்சு வாங்கியது. பெரட்டு என்றால் காலையில் தோட்டத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் குறித்து வேலை பிரிக்கும் இடம். "கங்காணி பேரு கூப்பிட்டாரு. இவரு ஒரு எட்டு எடுத்து வைக்கப் பாத்தாரு, காலு தரையில ஒட்டிக்கிச்சு. பின்னால இருந்தவங்க வெளையாட்டுனு நெனச்சு தள்ளுனாங்க. எல்லார் முன்னாலயும் தண்ணிக் கானுக்குள்ள விழுந்தாரு."

"பழைய மாதிரி முழு மாத்திரை குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தேங்க. வேணாங்கறாரு. டொக்டரம்மா எழுதுனத மீறுனா ஏன்னு கேப்பாங்களாம். கேட்டா அன்னைக்குச் சொன்ன பொய்யி வெளிய வந்துருமாம்." பிறகு என் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் நானா வந்தாரு. விடியக்காலையில, காம்பிராவுல, பிளேன்டீயோட. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தப்பு எங்க மேலதான்."

அந்த இடத்தில் நான் இன்னொரு தடவை தப்பியிருக்கலாம். "அப்படியா? இப்பதானே தெரியுது" என்று ஆச்சரியப்பட்டால் போதும். நம்பியிருப்பார். ஆச்சரியப்படுவதில் நான் தேர்ந்தவன்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அவர் அங்கே நிற்கும்போதே டொக்டரம்மாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும், லைன் அறுந்துபோயிருக்கக் கூடாதா என்றுகூட ஆசைப்பட்டேன்.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"அன்று ஒரு நல்ல படமாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன், டொக்டர்."

"யாருக்கு நல்ல படம்?"

டொக்டரம்மா பழைய அளவை உடனே தொடங்கச் சொன்னார். அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டி வரச் சொன்னார், அங்கே இருக்கும் டொக்டரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார்: "அந்தப் படத்தை மற்றப் படங்களோடு சேர்த்திருந்தால், அடைபட்ட பாதை திறந்திருக்கிறது என்று நாம் எழுதியிருப்போம்." என் உதாரணம் அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதைக் கேட்டு மகிழும் நிலையில் நான் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். பஸ் இறங்கிய இடத்திலிருந்து லயத்துக்குக் கல்லுப்படி. எண்ணத் தொடங்கி, பாதியில் மூச்சு வாங்கி, எண்ணிக்கையை மறந்துவிட்டேன். மாத்திரை இல்லாத ஒரு பார்க்கின்சன் நோயாளி இந்தப் படிகளில் இறங்கி முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டரைக்கு வர வேண்டும் என்று முறை எழுதிக் கொடுத்தவன் நான். டொக்டருக்கு வேன் இருந்தது. நோயாளி எப்படி வருவார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சன்னாசி காம்பிரா வாசலில் பலகையில் இருந்தார். பழைய அளவு தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது, பேச்சு கொஞ்சம் தெளிந்திருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வழக்கம்போல ஏதோ பகிடியில் ஆரம்பித்தேன், என்ன பகிடி என்று நினைவில்லை. நான் முகம் பார்த்துப் பேசுகிறவன். பகிடி எங்கே போய் விழுகிறது என்று முகத்தில் தேடுவேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபம் இருந்தாலும் அது காட்டாது. ஆகவே நிறுத்திவிட்டு நேராகக் கேட்டேன்.

"ஏன் அண்ணே மாத்திரை போட்டீங்க?"

"படி எறங்கணுமே. அது ஒண்ணு." வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டார். "இன்னொண்ணு, படத்தைப் பாத்துட்டு, இவன் ஆகமாட்டான்னு தோட்டத்துக்குக் கடுதாசி போயிரும்னு நெனச்சேன். பெரட்டுல நிமிந்து நின்னாத்தான் ஆளுன்னு மதிப்பாங்க நானா. உங்க எடத்துலயும் அப்படித்தான்னு நின்னேன்."

ஆய்வின் விவரம் தோட்டத்துக்குப் போகாது என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது. அதை நான்தான் அவருக்கு வாசித்தேன். ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி வாசித்தேன். மாத்திரை போட்டுவிட்டு வந்தால் முறையை வேறு நாளுக்கு மாற்றலாம், குற்றமில்லை என்று எந்தப் படிவத்திலும் இல்லை. அதை என் வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்க போட்டுட்டு வந்தது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன்.

"அஞ்சலை சொன்னிச்சு." வலது கை மடியில் துடித்தது, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். "எங்க கங்காணியும் ஏலாத நாளையில எரக்கப்பட்டு, முழுநாள் வேலை செஞ்சதா முழுப்பேர் போடுவாரு. அதுல அன்னைக்குச் சோறு வரும். நீங்களும் தெரிஞ்சுதானே சரி போட்டீங்க, அதுல..."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது நோயினாலா மரியாதையினாலா என்று எனக்குத் தெரியாது. அஞ்சலை டீ கொண்டுவந்தார். இனிப்பு தூக்கலாக இருந்தது. குடித்தேன்.

பிள்ளைகளே, இந்த மாதிரிக் கதையில் கடைசியில் எல்லாம் சரிவரும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். மாத்திரை அளவு சரிவந்தது. சன்னாசி எழுந்து நடந்தார், தானாகவே சாப்பிட்டார். ஆனால் பெரட்டில் விழுந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முதுகு வலி என்று யாரிடம் சொல்வது? மருத்துவச் சான்று கேட்டார்கள். வேலைக்கு ஏலாது என்று எழுதப்பட்டது. பாரமில்லாத வேலை கொடுக்கலாம் என்று டொக்டரம்மா ஒரு கடிதம் எழுதினார், அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த மாதக் கடைசியில் சன்னாசியின் பேர் வெட்டப்பட்டது.

நான் அந்தச் சரி போடாவிட்டாலும் என்றாவது வெட்டப்பட்டிருக்கும் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ தள்ளிப் போயிருக்கும். நடக்க முடிந்த ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்று அந்த நோயாளிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு நான் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டேன். படம் எடுக்க வருகிறவரிடம், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பதில்லை. "எப்படி வந்தீங்க?" என்று கேட்பேன். எத்தனை மணிக்கு எழும்பினார், எங்கே பஸ் ஏறினார், கடையில் என்ன குடித்தார் என்று கதை கேட்பேன். விசாரணை மாதிரி இல்லாமல் ஊர்க்கதை மாதிரி. பதில் படிவத்துக்கு ஒத்துவராவிட்டால் டொக்டரிடம் நேராகப் போய், இன்றைக்கு முடியாது என்று சொல்வேன். திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு நாள் முழுவதும் இயந்திரம் சும்மா கிடந்திருக்கிறது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு எல்லோருக்கும் இரக்கப்பட்டுக்கொண்டு படிவத்தில் கை வைக்காதீர்கள்.

ஆறு மாதம் கழித்து சன்னாசி மறுபடி வந்தார். நான் அழைக்கவில்லை. அழைக்க எனக்கு முகமில்லை. அவராகவே அஞ்சலையிடம் சொல்லி அனுப்பினார், படம் எடுக்க வாறேன் என்று. நான் ஒரு த்ரீவீலர் பிடித்துக்கொண்டு போனேன். லயத்திலிருந்து பாதை வரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள், அக்கம்பக்கத்துக் காம்பிராக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க.

கூட வந்தவள் மகள். முப்பது வயதிருக்கும். அவள் விரல்களில் கொழுந்தின் கறுப்பு ஏறியிருந்தது. இரண்டு மாதமாகத்தான் கொழுந்து எடுக்கிறாள் என்றாள். காம்பிராவைக் காப்பாற்ற கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து தன் பேரைப் பதிந்திருக்கிறாள்.

நிலையத்துப் படியேறவே கால் மணித்தியாலம் எடுத்தது. டொக்டரம்மா வெளியே வந்து கூடவே நின்றார். எப்படி வந்தீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் கேட்டேன், அது என் வழக்கம்.

"மாத்திரை போடாமத்தாங்க" என்றார் சன்னாசி. "இனி மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

நடுக்கத்துக்கு இடையில் படம் எடுத்தோம். மூன்று தடவை நிறுத்தி, தலைக்குப் பக்கத்தில் பஞ்சு வைத்து, மறுபடி தொடங்கி எடுத்தோம். மங்கலான படம். டொக்டரம்மா பிறகு அதைக் கணித்துப் பார்த்துவிட்டு, அடியிலிருந்து மேலே போகும் தொடர்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று காட்டினார். முதல் நாள் எடுத்த கண்ணாடி மாதிரிப் படத்தில் அது தெரியவே இல்லை.

மாத்திரை கொடுத்து, இரண்டாம் படமும் எடுத்து முடித்தபோது பின்னேரமாகிவிட்டது. சன்னாசி தானாகவே எழுந்து உட்கார்ந்தார், சட்டையை மாட்டினார், பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தானே போட்டார். மகள் வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, கொஞ்சம் வெரசா. கடைசி பஸ்ஸு போயிரும்" என்றாள்.

"மெதுவாப் போலாம் தாயி" என்றார் அவர். "விடிஞ்சா நான் எங்க போய் நிக்கப் போறேன்?"

அவள் நேரத்தைப் பார்த்தாள். அவளுக்கு விடிந்தால் பெரட்டு.